அக்ரீ 2: மதிப்பெண் ஒத்துப்போகிறது, ஐசிசி மட்டும் மைனஸில் வருகிறதே?

தஞ்சை பிஜி:
வணக்கம். தீசிஸுக்காகப் பாம்புக்கடி சிகிச்சை கைட்லைன் ஆறை அக்ரீ 2 (கைட்லைன்களின் தரத்தை மதிப்பிடும் கேள்வித்தாள்) வைத்து நானும் பேட்ச் தோழியும் தனித்தனியாக மதிப்பிட்டோம். 23 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை. பரிந்துரைகள் குழப்பமில்லாமல் இருக்கின்றனவா என்ற 15ஆம் கேள்விக்கு நான் போட்டது 6, 7, 6, 7, 6, 6. அவள் போட்டது 7, 6, 6, 6, 7, 6. எங்குமே ஒரு மார்க்குக்கு மேல் வித்தியாசம் இல்லை, ஆனால் ஐசிசி (மதிப்பிடுபவர்கள் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று காட்டும் எண், 1 வந்தால் முழு ஒப்பு) மைனஸ் 0.67! எக்ஸெல்லில் தப்பா, மென்பொருளில் தப்பா என்று இரண்டு நாளாக மண்டை காய்கிறது. கைடு சார் வேறு மறுபடி மார்க் போடச் சொல்கிறார்.

குடந்தை அக்கா:
கணக்கு சரிதான் தம்பி, நானும் போட்டுப் பார்த்தேன். கைட்லைனுக்குக் கைட்லைன் இருக்கிற வித்தியாசம் பெரிதா, மதிப்பிடுபவர்களுக்குள் இருக்கிற வித்தியாசம் பெரிதா என்றுதான் ஐசிசி பார்க்கும். நம் ஊர் நெல் கொள்முதல் நிலையத்தை நினைத்துக்கொள். வருகிற மூட்டை எல்லாம் 17 சதவீத ஈரப்பதத்தை ஒட்டியே இருந்தால் இரண்டு மீட்டருக்கும் வருகிற சின்ன வேறுபாடே பெரிதாகிவிடும். 14, 22 என்று கலந்து வந்தால் அதே மீட்டர்கள் அழகாக ஒத்துப்போகும். உன் ஆறும் 6, 7லேயே நிற்கின்றன. ஐசிசியோடு, ஒரு மார்க்குக்குள் ஒத்துப்போனது ஆறுக்கு ஆறு என்பதையும் எழுது. மறுபடி போடாதே.

மயிலாடுதுறை:
15ஐ விடுங்கள், 22, 23 எப்படி? நிதி தந்தவர் தலையீடு, குழுவினரின் ஆதாய முரண் (கான்ஃப்ளிக்ட் ஆஃப் இன்ட்ரெஸ்ட்). எங்கள் சண்டை எல்லாம் அங்கேதான்.

தஞ்சை பிஜி:
அண்ணா, ஒரு கைட்லைனில் அதைப்பற்றி ஒரு வரிகூட இல்லை. அவள் 1, 1 போட்டாள். தெரியாததால் நடுவில் இருக்கட்டும் என்று நான் 4, 4 போட்டேன்.

மயிலாடுதுறை:
அதுதான் நிஜமான தப்பு. தகவலே இல்லையென்றால் 1 என்று கையேட்டிலேயே இருக்கிறது. இருவர் மார்க்கும் சேர்த்துக் கூட்டினால் 10, குறைந்தபட்சம் 4, அதிகபட்சம் 28. குறைந்தபட்சத்தைக் கழித்தால் 24க்கு 6, ஆக 25 சதவீதம். நீங்களும் 1 போட்டிருந்தால் பூஜ்யம்! ஆனால் முதலில் இணைப்புக் கோப்புகளைத் தேடிப் பாருங்கள், ஆதாய முரண் அறிக்கை பல நேரம் தனிக் கோப்பில் கிடக்கும்.

குடந்தை அக்கா:
ஆமாம். இந்த ஆறில் சேராத ஒரு கைட்லைனை எடுத்து இருவரும் போட்டுப் பார்த்து, எங்கே பிரிகிறீர்கள் என்று பேசியிருந்தால் இது முதலிலேயே தெரிந்திருக்கும். இப்போது திருத்துவதானால் திருத்து, ஆனால் நீங்கள் இருவரும் கலந்து பேசுவதற்கு முந்தைய மார்க்கை வைத்துத்தான் ஐசிசி போட வேண்டும். பேசி முடித்துப் போட்டால் 0.95கூட வரும், வைவாவில் ஒரே கேள்வியில் மாட்டிக்கொள்வாய். கையேடு குறைந்தது இருவர், முடிந்தால் நால்வர் என்கிறது. இன்னும் இரண்டு பேர் கிடைப்பார்களா?

தஞ்சை பிஜி:
ஜூனியர் ஒருத்தர் வருகிறேன் என்றார் அக்கா, ஆனால் வார்டு டியூட்டி முடிந்துதான். இணைப்பைத் தேடினேன், நிதி பற்றிய அரைப் பக்கம் 94ஆம் பக்கத்தில் இருக்கிறது. இருவருமே அதைப் பார்க்கவில்லை.