தாத்தா வீட்டுக் கூட்டம்: பாங்காக் பயணம் (வாட்ஸ்அப் குழு)

23 அக்டோபர் 2016, ஞாயிறு

கார்த்தி: "மன்னர் இறந்த துக்கத்தால், கருப்பு உடை அணியாத பயணிகளை பாங்காக் விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்புகிறார்கள். அனைவருக்கும் பகிரவும்." அலுவலகக் குழுவில் வந்தது.

சாந்தி சித்தி: ஐயோ. வெள்ளிக்கிழமை இரவு விமானம்.

மீனாட்சி அத்தை: தீபாவளியும் அதுவுமாகக் கருப்பா? அம்மா காதில் போட்டுவிடாதீர்கள்.

கார்த்தி: பாட்டி பக்கத்தில்தான் இருக்கிறார்கள். கேட்டாகிவிட்டது.

பெரியப்பா: கோமதி, நீ அங்கேயே இருக்கிறாய். என்ன நிலவரம் அம்மா?

கோமதி: அது பொய்ச் செய்தி பெரியப்பா. யாரையும் திருப்பி அனுப்பவில்லை. மன்னர் பூமிபோன் 13-ஆம் தேதி சிரிராஜ் மருத்துவமனையில் காலமானார். 70 ஆண்டு ஆட்சி. இங்கே பெரும்பாலானோர் வேறு மன்னரையே கண்டதில்லை. அரசு ஊழியர்களுக்கு ஓராண்டு துக்கம். கேளிக்கைகளை 30 நாள் தவிர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். கடைகள், ரயில், பஸ் எல்லாம் உண்டு. பயணிகள் வரலாம், உடை அடக்கமாக இருந்தால் போதும்.

சாந்தி சித்தி: அரண்மனை?

கோமதி: அரண்மனையும் மரகத புத்தர் கோவிலும் இப்போது பயணிகளுக்கு மூடியிருக்கின்றன. நவம்பர் 1 திறப்பதாகப் பேச்சு. நீங்கள் 2-ஆம் தேதிதானே ஊருக்குத் திரும்புகிறீர்கள்? வாட் போ கோவில் திறந்திருக்கிறது. வாட் அருண் கோவில் கோபுரத்தைச் சுற்றிச் சாரம் கட்டியிருக்கிறார்கள், அது பழுதுபார்க்கும் வேலை.

பாலு சித்தப்பா: ஆற்றில் படகு விருந்துக்குப் பணம் கட்டிவிட்டேனே.

கோமதி: பாட்டையும் ஆட்டத்தையும் எதிர்பார்க்காதீர்கள் சித்தப்பா.

பாலு சித்தப்பா: அப்படியானால் பணத்தைத் திருப்பிக் கேள்.

மீனாட்சி அத்தை: துக்க வீட்டில் எப்படி இருப்பது என்று இவனுக்கு யாராவது சொல்லுங்கள். அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்தை விட்டுப் பத்திரப் பதிவுக்குப் போனவன்.

பாலு சித்தப்பா: அந்த நிலத்தில்தான் அக்கா உன் மகன் வீடு கட்டியிருக்கிறான்.

பெரியப்பா: இதை இங்கே பேச வேண்டாம்.

சாந்தி சித்தி: அண்ணி, முறுக்கு எத்தனை கிலோ?

கார்த்தி: மாமாவின் சபரிமலை வேட்டிகள் கருப்புதான். இரவல் வாங்கலாம்.

மீனாட்சி அத்தை: மாலை போடாமல் அதைத் தொடக்கூடாது.

கோமதி: கருப்பே வேண்டும் என்பதில்லை. வெள்ளை, சாம்பல், கருநீலம் எதுவும் சரி. கருப்புக் கிடைக்காதவர்கள் சட்டையில் கருப்பு ரிப்பன் குத்திக்கொள்கிறார்கள். தன்னார்வலர்கள் அண்டாவில் சாயம் காய்ச்சி, கொண்டுவரும் துணியை இலவசமாகக் கருப்பாக்கித் தருகிறார்கள். ஓர் அம்மாள் இளஞ்சிவப்புச் சட்டை கொண்டுவந்திருந்தார். மன்னர் குணமாக வேண்டும் என்று எல்லோரும் அணிந்த நிறம் அது. கழியால் அழுத்த அழுத்த அது மேலே மிதந்து வந்தது. முழுதும் மூழ்கும்வரை அவர் நகரவில்லை. நேற்று சனாம் லுவாங் மைதானத்தில் லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கூடி அரச கீதம் பாடினார்கள். வெயிலில் நின்றவர்களுக்கு முன்பின் தெரியாதவர்கள் சோறும் தண்ணீரும் கொடுத்தார்கள். வாருங்கள். ஆனால் அழுகிறவர்களை அருகில் போய்ப் படம் எடுக்காதீர்கள்.

பெரியப்பா: நல்ல ஜனங்கள்.

சாந்தி சித்தி: படிக்கவே கஷ்டமாக இருக்கிறது.

கோமதி: இன்னொன்று. மன்னர் குடும்பத்தைப் பற்றி வெளியிலோ முகநூலிலோ ஒரு வார்த்தை வேண்டாம். மன்னர் குடும்பத்தை அவமதிப்பதற்கான இங்குள்ள சட்டத்தின் 112-ஆம் பிரிவில் ஒரு குற்றத்துக்கு 3 முதல் 15 ஆண்டு சிறை. கார்த்தி, உனக்குத்தான்.

கார்த்தி: சரி அக்கா.

மீனாட்சி அத்தை: தீபாவளிக்குக் கோவில்?

கோமதி: சீலோம் மாரியம்மன் கோவில் இருக்கிறது அத்தை. 19-ஆம் நூற்றாண்டில் நம் தமிழர்கள் கட்டியது. விடியற்காலையில் வீட்டிலேயே எண்ணெய் தேய்த்துக் குளித்துப் புதுத்துணி கட்டிக்கொள்வோம். வெளியே போகும்போது மாற்றிக்கொள்ளலாம்.

மீனாட்சி அத்தை: பண்டிகை அன்று புதுத்துணியைக் கழற்றுவதா?

பெரியப்பா: பக்கத்து வீட்டில் சாவு விழுந்தால் நாம் பட்டாசு வெடிக்கிறோமா மீனாட்சி?

கார்த்தி: பாட்டி சொல்கிறார்கள்: "கருப்பும் கட்டமாட்டேன், வெள்ளையும் கட்டமாட்டேன். கருநீலம் கட்டுகிறேன். பெற்ற தகப்பனைப் போல நினைத்து அழுகிறார்கள், அங்கே போய் மினுக்கக் கூடாது."

மீனாட்சி அத்தை: அம்மாவே சொன்ன பிறகு நான் என்ன சொல்ல? என் அரக்குப் பட்டு?

கோமதி: சரிகை பெரியதா அத்தை?

மீனாட்சி அத்தை: நாலு விரல்.

பெரியப்பா: இரவு பேசி முடிவு செய்வோம். பாலு, படகு?

சாந்தி சித்தி: அவர் தொலைபேசியை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

கோமதி: சித்தி, லேகியம் மறக்காமல் எடுத்து வாருங்கள். கைப்பையில் வேண்டாம், பெட்டியில் வையுங்கள்.