இடித்த வீட்டின் காங்கிரீட்டும் செங்கலும் புது வீட்டுக்கு உதவுமா?

குளச்சல் வாசகர்:
கடலுக்கு மிக அருகில் உள்ள எங்கள் பழைய வீட்டை இடித்து, அதே மனையில் புதிதாகக் கட்டவிருக்கிறோம். காங்கிரீட் மாடி, சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல் சுவர், ஓடு எனப் பல லோடு இடிபாடு வரும். இடிப்பவர் அதைக் குளக்கரையில் கொட்டிவிடலாம் என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. இதை உடைத்து ஹாலோ பிளாக் செய்ய முடியுமா? தூண், உத்திரம் வார்க்கப் பயன்படுமா?

பொறியாளர், தக்கலை:
தூணுக்கும் உத்திரத்துக்கும் வேண்டாம். காங்கிரீட்டுக்கான ஜல்லி, மணல் பற்றிய இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 383இன் 2016ஆம் ஆண்டுப் பதிப்பு, காங்கிரீட்டை மட்டும் உடைத்து எடுத்த ஜல்லியை எம்25 என்ற வலிமைத் தரம் வரையிலான கம்பிக் காங்கிரீட்டில் மொத்த ஜல்லியில் 20 விழுக்காடும், கம்பியில்லாத காங்கிரீட்டில் 25 விழுக்காடும், எம்15 தரத்துக்குக் குறைந்த, சிமெண்டு குறைவான மெலிந்த கலவையில் முழுமையாகவும் சேர்க்க இடம் தருகிறது. செங்கலும் ஓடும் கலந்த ஜல்லிக்கு மெலிந்த கலவை மட்டுமே உரியது. ஆனால் உங்கள் வீடு உப்புக்காற்றிலேயே நின்ற வீடு. பழைய காங்கிரீட்டில் ஊறிய கடலுப்பின் குளோரைடு புதுக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும் என்பதால், ஆய்வகச் சோதனையின்றி அந்த 20 விழுக்காட்டைக்கூட நான் பரிந்துரைக்க மாட்டேன். கம்பி இல்லாத தரையடித் தளத்துக்கும் முற்றத்துக்கும் தாராளமாகப் பயன்படுத்துங்கள். நம் மாவட்டத்து மலைகளை உடைத்துத்தான் புது ஜல்லி வருகிறது. ஒரு லோடு குறைந்தாலும் நல்லதே.

பிளாக் பட்டறை, மார்த்தாண்டம்:
சுற்றுச்சுவருக்கான பிளாக் நிச்சயமாகச் செய்யலாம். ஆனால் தரம் பிரிப்பதை இடிக்கும்போதே செய்துவிட வேண்டும். எல்லாம் ஒரே குவியலான பின் பிரிப்பது பெரும்பாடு. ஜிப்சம் பலகை இருந்தால் அதில் ஒரு துண்டும் கலக்கக் கூடாது, அதிலுள்ள சல்பேட் பின்னாளில் பிளாக்கை உப்பி வெடிக்கச் செய்யும். ஆஸ்பெஸ்டாஸ் தகட்டை உடைக்காமல் தனியே எடுத்து வையுங்கள். பழைய சாந்து ஒட்டியிருப்பதால் இந்த ஜல்லி அதிகமாக நீர் குடிக்கும்; ஆகவே முந்தின நாளே நனைத்து, மேல் நீர் வடிந்த பிறகுதான் கலக்க வேண்டும். முதலில் சில பிளாக்குகள் மட்டும் வார்த்து, இரண்டு வாரம் நீரூற்றி, 28ஆம் நாள் அமுக்கு வலிமையைச் சோதித்துப் பாருங்கள்.

குளச்சல் வாசகர்:
மிக்க நன்றி. செங்கலையும் உடைக்கத்தான் வேண்டுமா, ஐயா?

மூத்த கொத்தனார், நாகர்கோவில்:
முழுச் செங்கலை உடைக்காதீர்கள், தம்பி. சிமெண்டுச் சாந்தைப் பெயர்த்தால் செங்கல் உடைந்துவிடும். சுண்ணாம்புச் சாந்தோ தட்டினாலே உதிர்ந்துவிடும் என்பதால், அந்தச் செங்கற்களைச் சுத்தம் செய்து மீண்டும் கட்டலாம். உடைந்தவற்றைச் செங்கல் ஜல்லியாக்கிச் சுண்ணாம்புடன் சேர்த்து மொட்டை மாடியில் தளம் போடலாம். சுவரின் அடி வரிசைகளில் உப்புப் பூத்துப் பொரிந்த கல்லை மட்டும் எதிலும் சேர்க்காமல் ஒதுக்கிவிடுங்கள்.