டாப் மாடல் ஸ்டீயரிங்கை பேஸ் மாடலில் மாட்டினால் ஏர்பேக் வேலை செய்யுமா?

நாலுசக்கரம்:
வணக்கம். என்னுடையது பேஸ் மாடல் கார். ஸ்டீயரிங் வெறும் பிளாஸ்டிக், கை வியர்த்தால் வழுக்குகிறது. அதே காரின் டாப் மாடலில் வரும் லெதர் ஸ்டீயரிங் ஒன்று, ஏர்பேக் இல்லாமல், கைக்கு வந்திருக்கிறது. ஆடியோ பட்டன்களும் இருக்கின்றன. என் பழைய ஸ்டீயரிங்கின் ஏர்பேக்கைக் கழற்றி இதில் போட்டுக்கொள்ளலாம் என்று எண்ணம். ஒரு மெக்கானிக்கிடம் விசாரித்தேன். "ஏர்பேக் லைட் எரிஞ்சா ஒரு ரெசிஸ்டர் போட்டு அணைச்சிடலாம்" என்றார். அங்கேதான் வயிற்றைக் கலக்கியது. நானே செய்யலாமா? எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பட்டறைவாசி:
தம்பி, முதலில் அந்த ரெசிஸ்டர் பேச்சை விடுங்கள். பையை வெடிக்க வைக்கும் இக்னைட்டரின் ரெசிஸ்டன்ஸ் சரியாக இருக்கிறதா என்று ஏர்பேக் கம்ப்யூட்டர் ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். அது ஏறக்குறைய 2 ஓம். அதே அளவில் ரெசிஸ்டரைச் செருகினால் கம்ப்யூட்டர் ஏமாந்துபோகும், லைட்டும் அணையும். மோதும்போது கரண்ட் ரெசிஸ்டருக்குப் போகும், பை அப்படியே மடங்கிக் கிடக்கும். விற்கிற காரில் இந்த வேலையைச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றி எழுதினால் கெட்ட வார்த்தைதான் வரும்.

சரி, நீங்களே செய்யலாமா? உங்கள் காரின் சர்வீஸ் மேனுவலும், நட்டைச் சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் டார்க் ரெஞ்சும் இருந்தால் செய்யலாம். இரண்டில் ஒன்று இல்லை என்றால் வேண்டாம்.

சக்கரங்களை நேராக வைத்து, சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். உடனே கை வைக்கக் கூடாது. விபத்தில் பேட்டரி நசுங்கினாலும் பை விரிய வேண்டும் என்பதற்காக, கம்ப்யூட்டருக்குள் ஒரு கப்பாசிட்டர் சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும். டொயோட்டா மேனுவல்களில் 90 விநாடி காத்திருக்கச் சொல்வார்கள், சில கார்களுக்கு இன்னும் அதிகம். நான் டீ குடித்துவிட்டுத்தான் வருவேன்.

கழற்றிய ஏர்பேக்கை முகப்பு மேலே பார்க்கும்படி வையுங்கள். கவிழ்த்து வைத்த நிலையில் வெடித்தால் அந்த இரும்புப் பெட்டி முழுதாக மேலே கிளம்பும். தூக்கிக்கொண்டு நடக்கும்போதும் முகப்பு உங்கள் உடம்பைப் பார்க்கக் கூடாது.

நடு நட்டை முழுவதும் கழற்றாமல் நாலைந்து மரை விட்டு நிறுத்துங்கள். அப்புறம் ஸ்டீயரிங்கை இரு பக்கமும் மாறி மாறி அசைத்து இழுக்க வேண்டும். நட்டைக் கழற்றிவிட்டு இழுத்தால், விடுபடும் நொடியில் நேராக மூக்கில் வந்து இடிக்கும். வரவில்லை என்றால் புல்லர் (இழுத்து எடுக்கும் கருவி) போடுங்கள், தண்டின் நுனியில் சுத்தியலால் தட்டாதீர்கள். விபத்தில் உள்வாங்கிக்கொள்ளும்படி செய்த தண்டு அது, அடி ஆகாது.

ஸ்டீயரிங் வந்ததும் கண்ணில் படுவது கிளாக் ஸ்பிரிங், அதாவது ஸ்டீயரிங் சுழன்றாலும் ஏர்பேக்குக்கும் பட்டன்களுக்கும் ஒயர் இணைப்பு விடாமல் வைத்திருக்கும் வட்டப் பாகம். முதல் வேலையாக அது சுழலாதபடி டேப் ஒட்டுங்கள். உள்ளே மெல்லிய பட்டைக் கேபிள், அளவு டேப் மாதிரி சுருண்டிருக்கும். நடுவிலிருந்து இரு பக்கமும் சில சுற்றுகள்தான் போகும், அதற்கு மேல் நீளம் கிடையாது. நடு தவறி மாட்டினால் அன்றைக்கு எல்லாம் நன்றாகவே இருக்கும். என்றைக்காவது யூ டர்ன் எடுக்க முழுதாக ஒடிக்கும்போது கேபிள் அறுந்து, ஹாரன், பட்டன், ஏர்பேக் எல்லாம் ஒன்றாகப் போகும்.

இன்னொன்று, பேஸ் மாடலின் கிளாக் ஸ்பிரிங்கில் ஆடியோ பட்டனுக்கான ஒயர் இல்லாமல் போகலாம். அப்போது அதையும் மாற்ற வேண்டிவரும். ஸ்டீயரிங் கோணத்தைப் பார்க்கும் சென்சாரும் அதிலேயே இருக்கும் கார் என்றால், ஸ்கேனர் (காரின் கம்ப்யூட்டரோடு பேசும் கருவி) போட்டு ஜீரோ செய்யாமல் விடாதீர்கள்.

மின்சாரக்கண்ணன்:
பட்டறைவாசி அண்ணன் சொன்னதோடு ஒன்று. ஏர்பேக்கின் மஞ்சள் கனெக்டரில் மல்டிமீட்டரை வைத்து ஓம் பார்க்கும் ஆசை வரும், வைக்காதீர்கள். மீட்டர் அனுப்பும் கரண்டே சில சமயம் இக்னைட்டருக்குப் போதும். டெஸ்ட் லாம்ப் என்றால் கேட்கவே வேண்டாம். கனெக்டரைப் பிடுங்கியதும் இரண்டு பின்னையும் தானாக ஷார்ட் செய்யும் சின்னத் தகடு உள்ளே இருக்கும், அது ஒரு பாதுகாப்பு. ஒயரை வெட்டி ஒட்டினால் அதுவும் போயிற்று.

நாலுசக்கரம்:
இருவருக்கும் நன்றி. மேனுவலில் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். என் ஏர்பேக் ஸ்பிரிங் கிளிப்பில் அழுத்தி மாட்டும் வகை. வந்திருக்கும் ஸ்டீயரிங்கில் பக்கவாட்டில் போல்ட் ஓட்டைகள்தான் இருக்கின்றன. வேறு வருட மாடலாம். தகட்டை வளைத்து ஒரு பட்டி செய்து போல்ட் போட்டுவிடலாமா?

பட்டறைவாசி:
கூடாது. பை விரிந்து முடிய ஏறக்குறைய 30 மில்லி விநாடிதான் ஆகும். அந்த வேகத்தின் எதிர்விசை முழுவதையும் தாங்குவது அந்தக் கிளிப்போ போல்ட்டோதான். நீங்கள் வளைத்த தகடு அதைத் தாங்குமா என்று சோதித்துப் பார்க்க ஒரு வழியும் இல்லை. கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு உங்கள் வருடத்துக்கு உரியதைத் தேடுங்கள். வாங்கும்முன் பார்ட் நம்பரோடு இக்னைட்டர் பிளக் எத்தனை என்றும் பாருங்கள். ஒரே கட்டமாக விரியும் ஒற்றை நிலை ஏர்பேக்குக்கு ஒன்று, இரண்டு கட்டமாக விரியக்கூடிய இரண்டு நிலை என்றால் இரண்டு. இதை அதில் மாற்றிச் செருக முடியாது.

வழுக்குவதுதான் பிரச்சினை என்றால், இருக்கும் வளையத்துக்கே லெதர் வைத்துத் தைக்கலாமே? ஏர்பேக்கைத் தொடவே வேண்டாம். நடு மூடியின் மேல் மட்டும் எதையும் ஒட்டாதீர்கள். அழகுக்கு ஒட்டும் கல், எம்பளம் எல்லாம் பை விரியும்போது முகத்துக்குத்தான் வரும்.

பழையஇரும்பு:
ஏர்பேக்கோடு சேர்ந்த ஸ்டீயரிங் கிடைத்தால் கூடுதல் கவனம். அது எந்தக் காரிலிருந்து வந்ததோ அதன் சேசிஸ் நம்பரை வைத்து ரீகாலில் (குறைபாட்டுக்காக கம்பெனி திரும்ப அழைத்த பட்டியலில்) இருக்கிறதா என்று பாருங்கள். டகாட்டா என்ற ஜப்பானிய கம்பெனியின் ஏர்பேக் கதை தெரியும் அல்லவா? உள்ளே இருந்த அமோனியம் நைட்ரேட் வெப்பத்திலும் ஈரத்திலும் கெட்டு, விரியும்போது இரும்புத் துண்டுகள் பறந்து ஆட்கள் இறந்தார்கள். 2017இல் அந்த கம்பெனியே திவாலானது. அந்தக் காலத்துக் கார்களின் பாகங்கள் இன்னும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன.

நாலுசக்கரம்:
லெதர் தைப்பதே சரி என்று படுகிறது. ஆனாலும் தெரிந்துகொள்ளக் கேட்கிறேன், மாற்றியிருந்தால் ஏர்பேக் சரியாக இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

பட்டறைவாசி:
பேட்டரியை மாட்டும்போது காருக்குள் யாரும் இருக்கக் கூடாது. முதல் முறை சாவி போடும்போது ஸ்டீயரிங்குக்கு நேரே குனியாமல் ஓரமாக நின்று போடுங்கள். ஏர்பேக் லைட் எரிந்து சில விநாடியில் அணைய வேண்டும். அணையாமல் நின்றால் ஸ்கேனரில் கோளாறுக் குறியீட்டைப் பாருங்கள். எரியவே இல்லை என்றால் அதுவும் கோளாறுதான், உங்களுக்கு முன்னால் யாரோ அந்த லைட்டில் கை வைத்திருக்கலாம்.