புதுப்பிப்பு: கன்னங்கரேலென்று ஆன முடி, ப்ளீச் இல்லாமலே இறங்கியது

இளம்பழுப்பு கேட்டுப் போன இடத்தில் முடி மைக்கருப்பாகிவிட்டது, ப்ளீச் போடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். வேண்டாம் என்று தடுத்த அக்காக்களுக்கு மனமார்ந்த நன்றி.

வேறொரு பார்லரில் கலர் ரிமூவர் போட்டார்கள். முதலில் பின்கழுத்துப் பக்கம் ஒரு சின்னக் கற்றையில் மட்டும். ப்ளீச் முடியின் சொந்த நிறமியையே அழிக்கும்; இது உள்ளே தங்கிய சாயத்தை மட்டும் சிறிதாக உடைக்கிறது. உடைந்ததை வெளியேற்றுவது தண்ணீர்தான். சரியாக அலசாவிட்டால் காற்றுப் பட்டு மறுபடி கறுத்துவிடும், எனவே கை வலித்தாலும் அலசுங்கள்.

இப்போது செம்பழுப்பு. கேட்ட நிறம் இல்லை, ஆனால் ஒரு முடிகூட முறியவில்லை, எனக்கு அதுவே பெரிது. உடனே இன்னொரு டை போட்டால் இழுத்துப் பிடித்துக் கறுக்குமாம், அதனால் போடவில்லை. தலைக்குக் குளிக்கும் முன் தேங்காய் எண்ணெய் மட்டும்.

பாக்கெட் மருதாணிப் பொடி போட்டவர்கள் பார்லரில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சிலவற்றில் உலோக உப்பு இருக்கும். டையிலும் ப்ளீச்சிலும் கலக்கும் பெராக்சைடு அதன்மேல் பட்டால் முடி சூடேறிக் கருகலாம்.