நெட்லிஸ்ட் வழக்குப் பணம் பங்குதாரர் கைக்கு எப்ப வரும்?

செந்தில் (பிளேனோ, டெக்சாஸ்):
வணக்கம். மெமரி சிப் பலகை செய்யற நெட்லிஸ்ட் கம்பெனியோட பங்கு கொஞ்சம் வச்சிருக்கேன். அவங்க பேட்டென்டை (காப்புரிமையை) மீறினதுக்காக டெக்சாஸ் மார்ஷல் கோர்ட்ல ஜூரி 2023-ல சாம்சங் மேல 303 மில்லியன் டாலர் போட்டுச்சு. 2024 மே மாசம் மைக்ரான் மேல 445, 2024 நவம்பர்ல மறுபடி சாம்சங் மேல 118. கூட்டினா 866 மில்லியன். 2024 கடைசியில மொத்தப் பங்கு 25 கோடிக்குக் கொஞ்சம் மேல. வகுத்தா பங்குக்கு மூணு டாலருக்கு மேல வருது, அப்ப சந்தையில ஒரு டாலரையொட்டிக் கிடைச்சது. ஊர்ல மனை வித்த பணம் வந்திருக்கு, அதையும் இதுல போடலாமா? ஸ்பெஷல் டிவிடெண்ட் கொடுப்பாங்களா?

மீனாட்சிசுந்தரம் (சான் ஹோசே):
தம்பி, மனைப் பணத்தைத் தொடாதீங்க. முதல்ல அதைச் சொல்லிடறேன்.

இதே மாதிரி பேட்டென்ட் கேஸ் நடத்தின விர்நெட்எக்ஸ் கம்பெனிப் பங்கை நான் ரொம்ப வருஷம் வச்சிருந்தவன். ஆப்பிள் மேல 2010-ல டெக்சாஸ் டைலர் கோர்ட்ல கேஸ் போட்டாங்க. 2012-ல ஜூரி 368 மில்லியன் கொடுத்தது. 2014-ல அப்பீல் கோர்ட் கணக்குப் போட்ட முறையே தப்புன்னு அந்தத் தொகையைத் தள்ளிடுச்சு. திரும்ப விசாரணை, திரும்ப அப்பீல். கடைசியா 2020 மார்ச்சுல ஆப்பிள் கட்டின தொகை 454,033,859 டாலர் 87 சென்ட். அந்த 87 சென்ட் வரைக்கும் எங்களுக்கு மனப்பாடம்.

அப்ப பங்கு ஏழு கோடிச் சொச்சம். உங்க கணக்குப்படி பங்குக்கு ஆறு டாலருக்கு மேல வரணும். அந்த வருஷம் வந்தது ஒரு டாலர். பேட்டென்ட் முதல்ல எஸ்.ஏ.ஐ.சி. கம்பெனியில பிறந்தது, அதனால அதோட வாரிசான லைடோஸுக்கு 80 மில்லியனுக்கு மேல போச்சு. பிறகு வக்கீல், வரி. மிச்சத்தைக் கம்பெனி தன்கிட்டயே வச்சுக்கிச்சு. டிவிடெண்ட் எவ்வளவுன்னு முடிவு பண்றது போர்டு, நாம இல்ல.

அதே வருஷம் அக்டோபர்ல இன்னொரு ஜூரி 502.8 மில்லியன் கொடுத்தது. எங்க ஆட்கள் அதையும் உங்களை மாதிரியே வகுத்துப் பார்த்துட்டு மேல மேல வாங்கினாங்க. 2023 மார்ச்சுல அப்பீல் கோர்ட் அதை அடிச்சுப் போட்டது. 2024 பிப்ரவரியில சுப்ரீம் கோர்ட்டும் கையை விரிச்சது. அந்த 502-ல ஒரு சென்ட் கூட வரல.

காயத்ரி (பேட்டென்ட் ஏஜென்ட், ஆஸ்டின்):
அண்ணா சொன்னதுக்குக் காரணம் பி.டி.ஏ.பி., அதாவது பேட்டென்ட் செல்லுமான்னு மறுபடி பார்க்கிற வாரியம். ஜூரி மார்ஷல்ல உட்கார்ந்து தொகை போடும். அதே நேரம் பேட்டென்ட் ஆபீஸோட அந்த வாரியத்துல எதிராளி பேட்டென்ட் செல்லாதுன்னு தனியா வாதாடுவாங்க. அங்க செல்லாதுன்னு முடிவாகி, அதை அப்பீல் கோர்ட்டும் ஒத்துக்கிட்டா, ஜூரி சொன்ன தொகைக்குக் காலே இல்ல. 502-க்கு நடந்தது அதுதான்.

செந்தில் சார், மைக்ரானோட 445-ல 425 ஒரே பேட்டென்டுக்கு, நம்பர் 912-ன்னு முடியுமே அது. அந்தத் தீர்ப்புக்கு ஒரு மாசம் முன்னாடி, 2024 ஏப்ரல்ல, வாரியம் அதோட 16-ஆவது கிளெய்ம் (பேட்டென்ட்ல உரிமை கேட்கிற பகுதி) செல்லாதுன்னு எழுதிட்டது. நவம்பர் மாச 118-லயும் அதே பேட்டென்ட் இருக்கு. இதைப் பார்க்காம 866-ன்னு கூட்டறது எனக்குப் பயமா இருக்கு.

செந்தில்:
நன்றிங்க மேடம், 912 விஷயம் இவ்வளவு கனமானதுன்னு தெரியல. கோர்ட்டுக்கு வெளிய செட்டில்மென்ட் பண்ணிக்கிட்டா சீக்கிரம் வருமில்லையா?

மீனாட்சிசுந்தரம்:
வரும், ஆனா தொகை சின்னதா இருக்கும். 2021 ஏப்ரல்ல கொரியா சிப் கம்பெனி எஸ்கே ஹைனிக்ஸ் நெட்லிஸ்டுக்கு 40 மில்லியன் கொடுத்துச் சமாதானமாச்சே, பங்கு எகிறுச்சு, உங்களுக்கு டிவிடெண்ட் வந்துச்சா? அதோட, செலவுக்காக லிங்கன் பார்க்ங்கிற முதலீட்டுக் கம்பெனிக்கு நெட்லிஸ்ட் புதுப் பங்கு வித்துக்கிட்டே வந்திருக்காங்க. நீங்க வகுக்கிற 25 கோடி வருஷாவருஷம் பெருசாகுது. காலாண்டு அறிக்கையில அந்த எண்ணை முதல்ல பாருங்க, ஜூரி தொகையை அப்புறம் பாருங்க.

இருக்கிற பங்கை வித்துடுங்கன்னு நான் சொல்லல. 912-க்கு அப்பீல் கோர்ட்ல என்ன ஆகுதுன்னு பாருங்க. அது நின்னுச்சுன்னா அப்ப வாங்கலாம், விலை கூடியிருந்தாலும் பரவாயில்ல.