ஹெட்லைட் பாலிஷ் போட்டா எத்தனை மாசம் தாங்கும்? போட்டவங்க, பார்த்தவங்க சொல்லுங்க

டிங்கர் பட்டறை

தேய்த்த பிறகு மேலே என்ன பூசினீர்கள் என்பதைச் சொல்லாமல் மாசக் கணக்கு கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. முன்னால் இருப்பது கண்ணாடி இல்லை, பாலிகார்பனேட். புற ஊதாக் கதிர் பட்டால் மஞ்சளாகிற பிளாஸ்டிக். அதனால்தான் கம்பெனியிலேயே மேலே ஒரு ஹார்ட் கோட் (வெயிலைத் தடுக்கும் கடினப் பூச்சு) கொடுத்து அனுப்புகிறார்கள். வெயிலில் முதலில் சாவது அந்தக் கோட். நாம் உப்புத்தாள் பேப்பர் போட்டு வழிப்பதும் அதன் மிச்சத்தைத்தான். ஆக, பளிச்சென்று ஆன நிமிஷத்திலிருந்து பிளாஸ்டிக் சட்டையில்லாமல் வெயிலில் நிற்கிறது.

வெளியில் நிற்கிற வண்டிக்கு, நம்ம ஊர் வெயிலில், தோராயமாக:

பற்பசை: சில வாரம்.
காம்பவுண்டும் (பாலிஷ் பசை) மெழுகும்: 2 முதல் 4 மாசம்.
செராமிக் கோட்டிங்: 6 மாசம் முதல் 1 வருஷம்.
யூ.வி. (புற ஊதா) தடுப்புள்ள 2கே கிளியர் (ஹார்டனர் கலந்து இறுகும் நிறமில்லாத பெயிண்ட்), ஒழுங்காக அடித்தால்: 2 முதல் 3 வருஷம்.

மூடின ஷெட்டில் நிற்கிற வண்டி என்றால் எல்லாமே கூடும்.

ஸ்ப்ரே கன்

2கே கிளியர் அடிக்கிறவங்களுக்கு. பெயிண்ட் அடிக்கிறது கால்வாசி வேலை, பேப்பர் போடுறதுதான் முக்கால்வாசி.

பம்பர், பானெட், ஃபெண்டர் ஓரமெல்லாம் மாஸ்கிங் டேப் ரெண்டு அடுக்கு ஒட்டுங்க. ஒரே அடுக்குன்னா பேப்பர் விளிம்பு கிழிச்சிட்டுப் போய் பெயிண்ட்ல கோடு போட்டுடும். வாட்டர் பேப்பரை 10 நிமிஷம் ஊறப் போடுங்க. வாளித் தண்ணியில ரெண்டு சொட்டு கார் ஷாம்பு விட்டா பேப்பர் அடைக்காது. கோட் செதில் செதிலா உரிஞ்சிருந்தா 400 நம்பர், வெறும் மஞ்சள்தான்னா 600 நம்பர்ல ஆரம்பிங்க (நம்பர் கூடக் கூட பேப்பர் நைசு).

தேய்க்கும்போது வழியிற கலங்கல் தண்ணியைக் கவனிங்க. மஞ்சளா, கொழகொழன்னு வந்தா பழைய கோட் இன்னும் வந்துட்டிருக்கு. சுண்ணாம்புத் தண்ணி மாதிரி வெள்ளையா மாறினா பிளாஸ்டிக்கைத் தொட்டாச்சு. அப்போ துடைச்சு, காயவிட்டு, பக்கவாட்டுல குனிஞ்சு பாருங்க. முழுசும் ஒரே மாதிரி மங்கலா இருக்கணும். நடுவுல தீவு மாதிரி ஒரு பளபளத் திட்டு தெரிஞ்சா அது போகாத பழைய கோட். அதுக்கு மேல கிளியர் அடிச்சீங்கன்னா ஆறு மாசத்துல அந்தத் திட்டோட ஓரத்துலதான் உரியும்.

600 குறுக்கே போட்டா 800 நெடுக்கே, 1000 மறுபடி குறுக்கே. முந்தின நம்பரோட கோடு மறைஞ்சதா இல்லையான்னு அப்போதான் கண்ணுக்குத் தெரியும்.

துடைக்க ஐசோபுரோபைல் ஆல்கஹால் மட்டும். தின்னர், அசிட்டோன், பெட்ரோல் எதுவும் கிட்டவே வரக்கூடாது, பாலிகார்பனேட் உள்ளுக்குள்ள சிலந்திவலை மாதிரி கீறிடும்.

முதல் கோட் பனி விழுந்த மாதிரி லேசா தூவிட்டு 10 நிமிஷம் விடுங்க. முதல்லயே ஈரமா அடிச்சா கிளியர்ல இருக்கிற தின்னரே பிளாஸ்டிக்கைக் கடிக்கும். அப்புறம் ஈரக் கோட் ரெண்டு, நடுவுல 10 நிமிஷம். மழைக்கால ஈரக்காத்துல அடிச்சா கிளியர் பால் மாதிரி வெளுத்துடும், வெயில் நாளா பாருங்க. 24 மணி நேரம் தொடக்கூடாது, ஒரு வாரம் ஷாம்பு வேண்டாம்.

கேன்ல வர்ற 2கேக்கு அடியில ஒரு பின் இருக்கும். அதை அழுத்தினாதான் ஹார்டனர் கலக்கும். அழுத்தின பிறகு ஒண்ணு ரெண்டு நாள்ல கேன் உள்ளேயே இறுகிடும், அதனால ரெண்டு லைட்டும் தயாரான பிறகு அழுத்துங்க. ஹார்டனர்ல ஐசோசயனேட் இருக்கு, நுரையீரலுக்கு ஆகாது. துணி மாஸ்க் பிரயோஜனமில்லை, ரசாயன ஆவியைப் பிடிக்கிற ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் போட்ட மாஸ்க், திறந்த இடம், ரெண்டும் வேணும்.

ஞாயிறு மெக்கானிக்

ஒரு சந்தேகம். 3000 நம்பர் வரைக்கும் போய், காம்பவுண்ட் போட்டு கண்ணாடி மாதிரி ஆக்கிட்டு கிளியர் அடிச்சா இன்னும் தெளிவா இருக்காதா?

ஸ்ப்ரே கன்

இருக்காது ப்ரோ, உரியும். கிளியர் பிடிக்க சொரசொரப்பு வேணும். 1000 நம்பர் கீறலைக் கிளியரே நிரப்பிடும். ஈரக் கோட் விழுந்ததும் பால் மாதிரி இருந்த லென்ஸ் அப்படியே தெளிஞ்சிடும், பார்க்கவே ஒரு தனி சுகம். 3000 வரைக்கும் போறது செராமிக் போடுறவங்களுக்கும் மெழுகு போடுறவங்களுக்கும். போதாததுக்கு காம்பவுண்ட்ல எண்ணெய் இருக்கும், சிலதுல சிலிக்கானும் இருக்கும். சரியாப் போகலைன்னா கிளியர் மீன் கண்ணு மாதிரி குழி குழியா விலகிடும்.

டிங்கர் பட்டறை

கப்பில் மருந்து ஊற்றி ஆவி காட்டும் முறையைப் பற்றி ஒரு வார்த்தை. 5 நிமிஷத்தில் கண்ணாடி மாதிரி ஆகும், அதில் பொய் இல்லை. பெரும்பாலும் டைகுளோரோமீத்தேன் ஆவி. பிளாஸ்டிக்கின் மேல்தோலை இளக்கிக் கீறலை மூடுகிறது. ஆனால் மேலே எதுவும் பூசப்படவில்லை, வெயில் நேரே பிளாஸ்டிக்கில்தான் விழுகிறது. ஒரு சொட்டு சிந்தினால் கண்ணீர்த் தடம் மாதிரி நிரந்தரக் கோடு. ஆவி கூடினால் நாள்பட வெடிப்பு. அந்த ஆவியை மூச்சில் இழுப்பதும் ஆபத்து. வண்டியை விற்கப் போகிறவர்களுக்கு வசதியான முறை, வாங்கப் போகிறவர்கள் ஜாக்கிரதை!

ஷாம்பு வாளி

பராமரிப்புப் பக்கம் நான் சொல்றேன்.

கோட்டைக் கொல்றதுல வெயிலுக்கு அடுத்த இடம் வாட்டர் வாஷுக்கு. டீசல், மண்ணெண்ணெய், துணி சோப்பு, சக்கரத்துக்கு அடிக்கிற அமிலம், இதெல்லாம் ஹெட்லைட் மேல தெறிக்காமப் பார்த்துக்குங்க. நடுநிலையான பி.எச். உள்ள கார் ஷாம்பு போதும். காலையில தூசி தட்டுற காய்ந்த துணி வேண்டவே வேண்டாம், அது 2000 நம்பர் பேப்பர் மாதிரிதான் வேலை செய்யும். நைட்டு ஹைவே ஓட்டிட்டு வந்தா பூச்சி ஒட்டியிருக்கும். ஈரத்துணியை 5 நிமிஷம் மேல போட்டு ஊறவிட்டு எடுங்க, நகத்தால சுரண்டாதீங்க. காக்கா எச்சத்துக்கும் இதே வழி.

செராமிக் போட்டவங்க 2 மாசத்துக்கு ஒரு தடவை எஸ்.ஐ.ஓ.2 (சிலிக்கா) ஸ்ப்ரே அடிக்கலாம். மெழுகுன்னா மாசம் ஒரு தடவை. ஆனா தண்ணி முத்து முத்தா உருண்டு ஓடுதுன்னு நம்பி இருந்துடாதீங்க. தண்ணி உருளுறது வேற, யூ.வி. தடுக்கிறது வேற. புது மெழுகு போட்ட லென்ஸ்லகூட முத்து உருளும், அடியில மஞ்சள் ஏறிக்கிட்டே இருக்கும். லென்ஸோட மேல் விளிம்பைப் பாருங்க. வெயில் நேரா விழுற இடம், மஞ்சள் அங்கதான் முதல்ல தெரியும்.

தினமும் ஒரே திசையில நிறுத்துறவங்களுக்கு ஒரு லைட் முந்தி மங்கும். நிறுத்துற திசையை மாத்திப் பாருங்க.

ஸ்ப்ரே கன்

2கே ஒரு ஓரத்துல உரிஞ்சா அந்த இடத்தில் மட்டும் டச்சப் பண்ணாதீங்க, கோடு தெரியும். திரும்ப 600-லிருந்து முழுசா எடுத்துட்டுத்தான் அடிக்கணும்.

ஞாயிறு மெக்கானிக்

வெளியே எவ்வளவு தேய்ச்சும் மங்கலாவே இருக்கிற லைட்டுக்கு?

டிங்கர் பட்டறை

ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். நனைந்திருக்கும்போது தெளிந்தால் கோளாறு வெளியே. நனைந்தும் மங்கலாகவே இருந்தால் கோளாறு உள்ளே, பேப்பர் வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். காலையில் உள்பக்கம் நீர்த்துளி நின்றால் பின்பக்க ரப்பர் மூடியையும் காற்றுப் போகும் வென்ட் குழாயையும் பாருங்கள். உள்ளே சிலந்திவலை வெடிப்பு என்றால் லைட்டையே மாற்றுவதுதான் வழி. லென்ஸ் பளிச்சென்று இருந்தும் ராத்திரி ரோடு தெரியவில்லையா, டார்ச் அடித்து ரிஃப்ளெக்டரைப் பாருங்கள். 60/55 வாட் எச்4 பல்பு இருக்க வேண்டிய இடத்தில் 100/90 மாட்டி ஓட்டிய வண்டிகளில் பல்புக்கு மேலே ரிஃப்ளெக்டரின் அலுமினியப் பூச்சு கருகிப் பழுப்பாகத் தெரியும்.