வீட்டுக் கணக்கும் டொலர் கணக்கும்: ஒட்டாவா குழு அறை அனுபவங்கள்

ஒட்டாவாவிலிருந்து, ஓய்வுபெற்ற அரச ஊழியர்

கனடாவின் முதற்குடி மக்களுக்கும், வடதுருவப் பகுதியின் பழங்குடியினரான இனுயிட் மக்களுக்கும் உரிய வீட்டுவசதி பற்றி அமைச்சர்கள் பாராளுமன்றக் குழுக்களின் முன் பதில் சொல்லும் அமர்வுகளை அருகிலிருந்து பார்த்தவர்கள் நம்மிடையே சிலர் இருக்கிறார்கள். நான் முதலில் எழுதுகிறேன். மற்றவர்களும் தாம் கண்டதை எழுதவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அந்த வீட்டுவசதிக்கு நிதி வழங்கும் அரச அமைப்புகளில் ஒன்றின் நிதிப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை செய்தேன். எது என்பது வேண்டாம். அமைச்சர் குழுவுக்குப் போகும் நாளுக்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே குறிப்பேடு தயாரிக்கும் வேலை எங்களிடம் தொடங்கிவிடும். கேட்கப்படக்கூடிய கேள்வி ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள். அந்தத் தாளில் மேலே மூன்று வரியில் சொல்லவேண்டிய பதில், கீழே அதற்கான கணக்கு. மே மாதத்தில் இந்த வேலை மிகக் கடுமையாக இருக்கும். ஆண்டின் பிரதான செலவு மதிப்பீடுகளைக் குழுக்கள் மே 31க்குள் ஆராய்ந்து சபைக்கு அறிக்கையிட வேண்டும். அறிக்கையிடாவிட்டாலும், அறிக்கையிட்டதாகவே நிலையியற் கட்டளை கருதிக்கொள்ளும். இந்தக் கடைசிப் பகுதியை முதன்முதலில் படித்தபோது அச்சுப்பிழை என்றே நினைத்தேன்.

அமைச்சர் பெரும்பாலும் ஒரு மணி நேரம் இருப்பார். அவர் எழுந்து போனபின் அதிகாரிகள் இன்னொரு மணி நேரம் இருப்பார்கள். முதற் சுற்றில் கட்சிக்கு ஆறு நிமிடங்கள். இரண்டாம் சுற்றில் பெரிய கட்சிகளுக்கு ஐந்து நிமிடங்கள், சிறியவற்றுக்கு இரண்டரை நிமிடங்கள். அதாவது 44ஆவது பாராளுமன்றத்தில், வடபகுதிப் பிரதேசமான நுனாவுட் முழுவதற்கும் ஒரே உறுப்பினரான லோரி இட்லவுட், சிறிய கட்சியான புதிய சனநாயகக் கட்சியின் சார்பில் பழங்குடியினர் மற்றும் வடபகுதி விவகாரங்களுக்கான நிலையியற் குழுவில் அமர்ந்தபோது, அமைச்சர் இருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் அவருக்கு வாய்க்கக்கூடியது ஏறத்தாழ எட்டரை நிமிடங்கள். இனுயிட் தாயகப் பகுதிகளில் வாழும் இனுயிட் மக்களில் 52.9 விழுக்காட்டினர் நெரிசலான வீடுகளில் இருக்கிறார்கள் என்று 2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு சொல்கிறது.

என் பணிக்காலத்தின் ஓர் அமர்வில் நான் அதிகாரிகளுக்குப் பின்னால், சுவரோரத்து நாற்காலியில் இருந்தேன். சென்ற ஆண்டு ரிசேர்வ்களில் (முதற்குடி மக்களுக்கென ஒதுக்கப்பட்ட நிலங்களில்) குடியேறக்கூடிய நிலையில் கட்டி முடிக்கப்பட்ட புதிய வீடுகள் எத்தனை என்று ஓர் உறுப்பினர் கேட்டார். அமைச்சர் எங்கள் தாளைப் புரட்டி, ஒதுக்கப்பட்ட தொகையை வாசித்தார். உறுப்பினர், தாம் கேட்டது வீடு என்றார். அமைச்சர் அடுத்த வரியை வாசித்தார். அதில் புதியவை, திருத்தப்பட்டவை, முடிந்தவை, இன்னும் நடந்துகொண்டிருப்பவை எல்லாம் ஒரே கூட்டுத்தொகையாக இருந்தன. உறுப்பினர் மூன்றாம் முறை வாயைத் திறந்தபோது தலைவர் நேரம் முடிந்தது என்றார். அந்தக் கூட்டுத்தொகையைக் கூட்டியவள் நான்தான். பிரித்த கணக்கும் என் மேசையில் இருந்தது.

வடமேற்கு ஒன்ராறியோவில் பணியாற்றிய தாதி

அக்காவின் குறிப்பைப் படித்தபின் எழுதாமல் இருக்க முடியவில்லை. விமானத்தில் மட்டுமே போய்ச் சேரக்கூடிய ஒரு முதற்குடிக் குடியிருப்பின் மருத்துவ நிலையத்தில் நான் இரண்டு ஆண்டுகள், மாதம் விட்டு மாதம், பணியாற்றினேன். மூச்சிரைப்போடு வரும் குழந்தைக்கு மருந்து கொடுத்து அனுப்புவோம். பத்து நாளில் அதே குழந்தை திரும்பி வரும். ஒருநாள் அந்த வீட்டுக்குப் போனேன். இரண்டு அறைகளில் பதினொரு பேர். சுவர் அடியிலிருந்து முழங்கால் உயரத்துக்குக் கறுப்புப் பூஞ்சணம். அந்த வீட்டுக்காரப் பெண்மணி வெளுப்புத் திரவம் போட்டுத் துடைத்துத் துடைத்து, சுவரின் சாயம்தான் போயிருந்தது. குளிருக்குச் சன்னல்களை இறுக மூடி, அத்தனை பேர் மூச்சுவிட்டு, சமைத்து, துணி உலர்த்தினால் ஈரம் எங்கே போகும்?

இதை எழுதுவதற்குக் காரணம் வேறு. அந்த ஊரின் முதற்குடி ஆட்சி மன்றத்தில் வீட்டுவசதியைக் கவனித்தவர் ஒருமுறை தம் மேசையில் ஒரு குழு அமர்வைக் கணினியில் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் கூட இருந்து பார்த்தேன். அமைச்சர் தொகையைச் சொல்லி முடித்ததும் அவர் ஒலியை நிறுத்திவிட்டு எனக்கு ஒரு விடயத்தை விளக்கினார். மரம், கூரைத்தகடு, சன்னல் எதுவானாலும் அந்த ஊருக்கு உறைந்த ஏரிகளின் மேல் போடப்படும் பனிக்காலப் பாதையில் பாரவூர்தியில்தான் வரவேண்டும். அது சனவரி கடைசியிலோ பெப்ரவரியிலோ திறந்து, மார்ச்சில் உருகிப்போகும். நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. ஒப்புதல் கடிதம் மார்ச் நடுவில் வந்தால் பணம் இருக்கும், பாதை இருக்காது. பொருளை விமானத்தில் ஏற்றினால் வீட்டின் விலையே மாறிவிடும். ஏற்றாவிட்டால் அடுத்த பனிக்காலம் வரை காத்திருக்க வேண்டும். அமைச்சரிடம் எவ்வளவு பணம் என்று கேட்பதை விட்டு, எந்தத் திகதியில் கடிதம் அனுப்பினீர்கள் என்று யாராவது கேட்கமாட்டார்களா என்பதே அவருடைய ஆதங்கம். அந்தக் கேள்வியை இன்றுவரை எந்த அமர்விலும் யாரும் கேட்டு நான் பார்க்கவில்லை. நான் எல்லாவற்றையும் பார்த்தவளும் அல்லள்.

மிசிசாகாவிலிருந்து, கணக்காளர்

நான் அறைக்குள் இருந்தவன் அல்லன். தொழில் காரணமாகக் கணக்காய்வு அறிக்கைகளைப் படிக்கும் பழக்கம் உள்ளவன். கணக்காய்வாளர் நாயகம் கரென் ஹோகன் 2024 மார்ச்சில் முதற்குடிச் சமூகங்களின் வீட்டுவசதி பற்றி வெளியிட்ட அறிக்கையைப் படித்தபின், அது பொதுக் கணக்குக் குழுவில் ஆராயப்பட்ட அமர்வை ஒரு முழுப் பிற்பகல் ஒதுக்கிப் பார்த்தேன். அங்கே அமைச்சரை நிறுத்திக் கேட்பார்கள் என்று எதிர்பார்த்திருந்தேன். வந்திருந்தவர்கள் பிரதி அமைச்சரும் அதிகாரிகளும். இங்கே பிரதி அமைச்சர் என்றால் அரசியல்வாதி அல்லர். இலங்கையின் அமைச்சுச் செயலாளருக்கு நிகரானவர். 2006ஆம் ஆண்டின் பொறுப்புக்கூறல் சட்டம் அவரைத்தான் கணக்குக்குப் பதில் சொல்லும் அலுவலராக்கியது. கொள்கைக்கு அமைச்சர், கணக்குக்கு அதிகாரி என்ற இந்தப் பிரிப்பு தாளில் அழகாக இருக்கிறது. கொள்கையும் கணக்கும் சேர்ந்து தோற்ற இடத்தில் யாரைப் பிடிப்பது என்பதற்கு அதில் பதில் இல்லை.

அறிக்கையில் இருந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 55,320 புதிய வீடுகளும் 80,650 வீடுகளுக்குத் திருத்தமும் வேண்டும், அதற்கு ஏறத்தாழ 44 பில்லியன் டொலர் ஆகும் என்பது முதற்குடிகளின் தேசிய அமைப்பான முதற்குடிகள் பேரவையின் 2021ஆம் ஆண்டு மதிப்பீடு. ஐந்து நிதியாண்டுகளில் செலவிடப்பட்டது 3.86 பில்லியன். 2030க்குள் இடைவெளியை மூடுவதாக அரசு வாக்களித்திருந்தது. 2003 முதல் இந்த விடயம் பற்றி வந்த நான்காவது கணக்காய்வு இது. எனக்கு அவற்றைவிட உறைத்தவை வேறு இரண்டு. வட்டாரங்களுக்கு நிதி பிரிக்கும் சூத்திரத்தில், அரசுக்குச் சொந்தமான வீட்டு அடைமானக் கழகம் 2001ஆம் ஆண்டுக் குடிசன மதிப்புத் தரவையே பயன்படுத்தி வந்திருக்கிறது. மேலும், மிக மோசமான வீடுகளைக் கொண்ட சமூகங்களுக்கு, அதே அளவுள்ள, ஆனால் நல்ல வீடுகளைக் கொண்ட சமூகங்களைவிடக் குறைவாகவே பணம் போயிருக்கிறது. விண்ணப்பம் எழுத ஆள் வைத்திருக்கும் ஊருக்குப் பணம் போகும். ஆள் இல்லாத ஊருக்குப் போகாது. இருபது வருடப் பழைய தரவில் ஓர் ஐந்தொகை தயாரித்து வாடிக்கையாளருக்குக் கொடுத்தால் என் உரிமத்தைப் பறித்துவிடுவார்கள்.

இன்னொன்று. ரிசேர்வ் நிலம் முடிக்கு, அதாவது அரசுக்கு, உரியது என்பதால், முதற்குடி மக்கள் பற்றிய கனடாவின் இந்தியன் சட்டத்தின்படி வங்கி அதை ஈடாகப் பிடிக்க முடியாது. ஆகவே வீட்டுக் கடனுக்கு அமைச்சரே பிணை நிற்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. கடனுக்குப் பிணையாளியானவர் கணக்குக் கேட்கும் அறையில் இல்லை என்பதுதான் எனக்கு விசித்திரமாகப் பட்டது.

ஸ்காபரோவிலிருந்து

என் பகிர்வு சிறியது. 2023 யூலையில் கரி ஆனந்தசங்கரி முடிக்கும் பழங்குடியினருக்கும் இடையிலான உறவுகளுக்குப் பொறுப்பான அமைச்சரானபோது எங்கள் வீட்டில் பெரிய மகிழ்ச்சி. அதன் பின்னர் அம்மா குழு அமர்வுகளைத் தொலைக்காட்சித் தொடர்போல விடாமல் பார்க்கத் தொடங்கினார். வீடு பற்றிய கேள்வியைத் தமிழ்ப் பிள்ளையிடம் ஏன் முழுதாகக் கேட்கிறார்கள் இல்லை என்பது அவருடைய கேள்வி. 2017இல் பழைய திணைக்களம் இரண்டாகப் பிரிக்கப்பட்டதையும், ரிசேர்வ் வீடுகள் பழங்குடியினர் சேவைகள் அமைச்சரிடம் இருப்பதையும், இனுயிட் வீட்டு நிதி இவருடைய திணைக்களத்தின் வழியாகவும், நகர்ப்புறத்துக்கான பணம் அடைமானக் கழகத்தின் வழியாகவும் போவதையும் விளக்கினேன். 2022ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தின் 4.3 பில்லியன் டொலர் இப்படித்தான் பிரிந்தது. ஒழுகும் கூரை ஒன்றுக்கு மூன்று வாசல்கள். அம்மா கேட்டது, இலங்கையில் எங்கள் ஊரில் போருக்குப் பின் வந்த இந்திய வீட்டுத்திட்டத்தை எல்லோரும் ஐம்பதாயிரம் வீட்டுத்திட்டம் என்றுதானே சொன்னோம், அதற்கு எத்தனை கோடி என்று யாருக்காவது தெரியுமா என்பது. எனக்கும் தெரியவில்லை.

ஒட்டாவாவிலிருந்து, மீண்டும்

தம்பி கணக்காளர் சொன்ன அறை பற்றி ஒரு திருத்தமல்ல, ஒரு சேர்க்கை. பாராளுமன்ற உறுப்பினராக இருக்கும் அமைச்சரைக் குழு ஆணையிட்டு அழைக்க முடியாது; அழைப்பு மட்டுமே விடுக்கலாம். ஆனால் குழு அறிக்கை சமர்ப்பித்துப் பதில் கேட்டால் அரசு 120 நாட்களுக்குள் பதிலளிக்க வேண்டும். முன்னாள் விண்வெளி வீரர் மார்க் கார்னோ தலைமையில் 2022 யூனில் வெளிவந்த வீட்டுப் பற்றாக்குறை அறிக்கை போன்றவற்றின் உண்மையான வேலை அந்த 120 நாட்களில்தான் நடக்கிறது என்பது என் எண்ணம்; ஒளிபரப்பு இல்லாததால் அதை யாரும் பார்ப்பதில்லை.

நான் முதலில் எழுதிய அமர்வின் மீதியையும் சொல்லிவிடுகிறேன். நேரம் முடிந்தபின், எழுத்துமூலம் அனுப்பிவைக்கிறோம் என்று ஓர் அதிகாரி சொன்னார். மறுநாள் காலை அந்த வாக்குறுதி என் மேசைக்கு வந்தது. பிரித்த கணக்கை அனுப்பினேன். மேலே போகும் வழியில் அது மறுபடி ஒரே எண்ணாகி, ஒரு பந்தியாகக் குழுவின் எழுத்தரிடம் போய்ச் சேர்ந்தது. அடுத்த ஆண்டு அதே உறுப்பினர் அந்தப் பந்தியைக் கையில் வைத்துக்கொண்டு, தொகை பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், இந்த எண்ணில் புதிய வீடு எத்தனை, திருத்தம் எத்தனை, முடிந்தது எத்தனை, முடியாதது எத்தனை என்று வரிசையாகக் கேட்டார். அதற்கடுத்த மே மாதத்தில் எங்களுக்கு வந்த குறிப்பேட்டுப் படிவத்தில் நான்கு நிரல்கள் இருந்தன. கடைசி நிரல்தான் நீளமாக இருந்தது.